பரங்கிமலைச் சிறை: பிகட் பிரபு வழக்கின் வரலாறு

வழக்கு என்பது வாதி, பிரதிவாதி என்னும் இருவரோடு ஒழிந்துபோவதன்று. சில வழக்குகள் தீர்ப்பாகி, கட்சிக்காரர் மாண்டு, நியாயாதிபதிகளின் பெயரும் மறந்துபோன பின்னரும், ஒரு நாட்டின் சட்டத்திலும் குடிகளின் வாழ்விலும் தம் தழும்பை விட்டுச் செல்கின்றன. அத்தகைய வழக்கொன்று நம் சென்னைக்குத் தென்புறத்தே, நாம் நாள்தோறும் கடந்துசெல்லும் பரங்கிமலையில் தொடங்கி, லண்டன் மாநகரத்து நீதிமன்றத்தில் முடிந்தது. ஓர் அரசன் பட்ட கடனுக்காகப் பிறிதோர் அரசனுடைய குடிகளின் விளைச்சலை ஈடு வைத்ததும், அவ்வீட்டை மறுத்த கவர்னரையே அவருடைய சபையார் சிறை பிடித்ததும், அச்சிறையிலேயே அவர் உயிர்நீத்ததும் அவ்வழக்கின் சாரம். கடன் கொடுக்கல் வாங்கலிலும் ஜாமீன் நிற்பதிலும் நம்மவர் குடும்பங்கள் அடிக்கடி அல்லலுறுதல் கண்கூடாதலின், இவ்வரலாறு நம் சங்கத்து அன்பர்க்கு அயலானதாய்த் தோன்றாதென்று நம்புகிறோம்.

கோவளத்திலிருந்து இதனைத் தொடங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. இக்கடற்கரையில் முற்காலத்தில் ஒரு கோட்டை இருந்தது. ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் கான் அதனைக் கட்டுவித்துச் சாதத் பந்தர் என்று பெயரிட்டார். 1750-ம் வருஷம் பிரெஞ்சுக்காரர் அதனைச் சூழ்ச்சியாற் கைப்பற்றினர். 1752-ல் கிளைவ் அதனைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து மீட்டார். பின்னர் அஃது இடித்துத் தகர்க்கப்பட்டது. கோட்டை போயிற்று, அதனைக் கட்டிய நவாபின் குமாரர் முகமதலி வாலாஜா, ஆங்கிலக் கும்பினியாரின் துணையால் கர்நாடக நவாபாக நிலைபெற்றார். அத்துணை இனாமாகக் கிடைத்ததன்று. யுத்தச் செலவு முழுவதும் நவாபின் பற்றிலே எழுதப்பட்டது. 1763-ல் செங்கற்பட்டு ஜாகீரை அவர் கும்பினியாருக்கு எழுதிக் கொடுத்தார். கோவளமும் தாம்பரமும் பரங்கிமலையும் அடங்கிய சீமை அதுவே. கொடுத்த சீமையை அவரே மீண்டும் குத்தகையாக எடுத்து 1780 வரையில் வரி தண்டி வந்தார் என்பது பலர் அறியாத செய்தி. ஆகவே நம் முன்னோர் எருக்கட்டி உழுது விளைத்த நெல்லின் மேல்வாரம் எந்தக் கணக்கிற் போய்ச் சேர்ந்ததென்பதை இவ்வழக்கின் மூலமாகவே நாம் நன்கு அறியக்கூடும்.

நவாபுக்குக் கும்பினியாரிடம் பட்ட கடன் ஒருபுறம்; கும்பினியாரின் உத்தியோகஸ்தர் தனித்தனியே கொடுத்த கடன் மற்றொருபுறம். இரண்டாவதே கொடியது. கோட்டையில் சொற்பச் சம்பளத்திற்கு எழுத்து வேலை செய்ய வந்த துரைகள், தம் கையிலிருந்த பணத்தையும், பிறரிடம் வாங்கிய பணத்தையும், சிற்சில வேளை இல்லாத பணத்தையுங்கூடப் பத்திரத்தில் எழுதி நவாபுக்குக் கடனாகக் கொடுத்தனர். வட்டி முதலில் நூற்றுக்கு 36 வீதம் இருந்தது. பின்பு 25 ஆகி, 20 ஆகி, 1767-ல் கடன்கள் யாவும் ஒன்றாகத் திரட்டப்பட்டபோது 10 ஆயிற்று. நவாபோ கடன் வாங்குவதற்குக் கூசினாரல்லர். சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பி, கோட்டைக்கு அணித்தாகவே வாழ்ந்து, தமக்குக் கடன் கொடுத்த துரைகளே சபையில் அமர்ந்து தமக்குச் சாதகமாய் வாக்களிப்பதைக் கண்டு மகிழ்ந்தார். கடன்காரனைக் கண்டு கடன்பட்டவன் நடுங்குதல் உலக இயல்பு. இங்கோ கடன் கொடுத்தவர்களே நவாபின் கட்சிக்காரராயினர். அவர் ஆண்டாலன்றோ அவர்தம் பணம் திரும்பும்?

இக்கடனைத் தீர்க்கும் வழியாக நவாபின் கண் தஞ்சை மீது விழுந்தது. மராத்திய மன்னர் துளஜா மகாராஜா தமக்குப் பேஷ்குஷ் செலுத்தத் தவறினார் என்பது சாக்கு. 1773-ல் கும்பினியாரின் சேனை சென்று தஞ்சையைப் பிடித்து, மன்னரைச் சிறையிலிட்டு, நாட்டை நவாபின் வசம் ஒப்புவித்தது. காவிரி பாயும் அந்நாட்டின் வருமானத்தை நவாபு உடனே கடன்காரருக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கலானார். களத்துமேட்டில் நெல் தூற்றப்படுமுன்னே அதன் உரிமை கோட்டைத் துரைகளின் பெட்டியிற் போய்ச் சேர்ந்தது.

லண்டனிலிருந்த கும்பினி டைரெக்டர்கள் இதனைக் கேட்டு வெகுண்டனர். தஞ்சையை மன்னருக்கே திருப்பிக் கொடுக்கவேண்டுமென்று உத்தரவிட்டு, அதனை நிறைவேற்ற ஜார்ஜ் பிகட் பிரபுவை இரண்டாம் முறை கவர்னராக அனுப்பினர். பிகட் சென்னைக்குப் புதியவரல்லர். 1755 முதல் 1763 வரையில் கவர்னராயிருந்தவர். லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி 1758-ம் வருஷக் கடைசியில் வந்து முற்றுகையிட்டபோது கோட்டையைக் காத்தவர். அவரைத் தூய தருமவான் என்று நாம் சொல்லத் துணியோம். முதன்முறை சீமைக்குத் திரும்பியபோது பெருஞ் செல்வத்தோடு திரும்பினார். அவர் பெயரால் வழங்கிய ஒரு வைரம் ஐரோப்பா முழுவதும் பேர்பெற்றது. அவர் கோபி, பிடிவாதக்காரர், சபையாரை மதியாமற் பேசும் இயல்பினர். ஆயினும் இந்த ஒரு காரியத்தில் தமக்கிட்ட கட்டளையை வழுவாது நிறைவேற்றினார். அதனைச் சிறிது காலம் ஒத்திவைப்பதற்கே ஆறு லட்சம் பவுன் வரையில் அவருக்குக் கைக்கூலி தருவதாகப் பேசப்பட்டதென்று அவருடைய சகோதரர் பின்னாளில் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்தார்.

1775-ம் வருஷம் டிசம்பரில் வந்திறங்கிய பிகட், 1776-ம் வருஷம் ஏப்ரலில் தாமே தஞ்சை சென்று துளஜா மகாராஜாவை மீண்டும் சிங்காதனத்தில் அமர்த்தினார். மன்னர் கும்பினிப் படையைத் தம் கோட்டையில் வைத்துக்கொண்டு, அதன் செலவுக்காக ஆண்டொன்றுக்கு 4 லட்சம் வராகன் கொடுப்பதாக உடன்பட்டார். கவர்னர் சென்னைக்குத் திரும்பியதும் ஒரு விண்ணப்பம் அவர் முன் வைக்கப்பட்டது. பால் பென்பீல்டு என்பவர், தமக்குத் தஞ்சை வருமானத்தின்மேல் நவாபு எழுதிக் கொடுத்த பத்திரத்தால் 1,62,000 பவுனும், தஞ்சைக் குடிகளுக்குத் தாம் விளைச்சலின்மேல் கொடுத்த கடனால் 72,000 பவுனும் வரவேண்டுமென்று கேட்டார். இந்தப் பென்பீல்டு ஆண்டுக்குச் சில நூறு பவுன் சம்பளம் பெற்ற கீழ்த்தர உத்தியோகஸ்தர். அவருக்கு இரண்டு லட்சத்து முப்பத்துநாலாயிரம் பவுன் கடன் கொடுக்க எங்கிருந்து வந்தது? இக்கேள்வியைச் சபையாரும் கேட்டனர். ஆதாரம் போதாதென்று விண்ணப்பத்தைத் தள்ளினர். ஆனால் சின்னாட்களில் மனம் மாறினர்! நவாபின் வசத்தில் நாடு இருந்தபோது விதைத்த பயிர் நவாபின் சொத்தே. ஆகவே அவர் அதனை ஈடு வைத்ததும் செல்லும் என்று பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். அவர்களுள் பலருக்குப் பென்பீல்டின் பத்திரத்தில் மறைவான பங்கு இருந்ததென்பது அக்காலத்தவர் பலரும் கொண்ட எண்ணம்.

இவ்விடத்தில் நம் வாசகர் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். கவர்னருக்கும் சபையாருக்கும் நேர்ந்த போரைச் சரித்திரக்காரர் பலர் அதிகாரப் போட்டியாகவே எழுதுகின்றனர். உண்மையில் வழக்கின் பொருள் வயலில் விளைந்து கிடந்த நெல். உழுதவன் ஒருவன்; அவனுடைய அரசன் ஒருவன்; அவ்வரசனைத் தள்ளிவிட்டு மூன்றாண்டு ஆண்டவன் வேறொருவன்; அந்த மூன்றாமவன் பட்ட கடனுக்கு முதலாமவனுடைய கதிர் ஈடு. உழுதவனை ஒருவரும் விசாரிக்கவில்லை. சபையின் நடவடிக்கைக் குறிப்புகளில் வராகனும் பவுனும் நிறைந்திருக்கின்றன. குடியானவன் வாய்ச்சொல்லுக்கு அங்கே இடமில்லை.

தஞ்சைக்குக் கும்பினியின் பிரதிநிதியாக யாரை அனுப்புவது என்பதில் சச்சரவு முற்றிற்று. ரஸ்ஸல் என்பவரை அனுப்பவேண்டுமென்றார் கவர்னர். கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டையே அங்கே படைத்தலைவராய் அனுப்பி, அவர் கையில் அதிகாரத்தைக் கொடுக்கவேண்டுமென்றனர் எழுவர். ஸ்டிராட்டன், புரூக், பிளாயர், பாமர், ஜோர்டன், மக்கே, சேனாதிபதி பிளெச்சர் என்போரே அவ்வெழுவர். கவர்னர் கையொப்பமிட மறுத்தார். தாம் ஒப்பாத உத்தரவு உத்தரவேயன்று என்பது அவர் வாதம். பெரும்பான்மையின் முடிவுக்குக் கவர்னரும் கட்டுப்பட்டவரே என்பது அவர்கள் வாதம். சட்டப்படி நோக்கின் எழுவரின் வாதம் வலியற்றதன்று என்றே சொல்லவேண்டும். கவர்னர் மேற்கொண்ட உபாயமும் நேரியதன்று. ஆகஸ்டு மாதம் 22-ந் தேதி, ஸ்டிராட்டனும் புரூக்கும் தாமே ஓர் உத்தரவில் ஒப்பமிட்டதைக் குற்றமாக்கி, குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் விஷயத்தில் வாக்களித்தல் ஆகாதென்று விலக்கி, அதனால் நேர்ந்த சமநிலையில் தமது தனி வாக்கைப் போட்டு அவ்விருவரையும் நீக்கிவிட்டார். எதிர்க்கட்சியார் மறுநாளே தாங்களே கவர்ன்மெண்டு என்று பிரகடனம் செய்தனர். கவர்னர் அவர்களைச் சிறைபிடிக்கும்படி ஆணையிட்டார். சிறைபிடிக்கச் சேனை வேண்டுமே! சேனாதிபதி பிளெச்சர் நோயாய்க் கிடந்தபடியால், படை முழுவதும் ஸ்டூவர்ட்டின் சொற்படி நின்றது.

24-ந் தேதி நிகழ்ந்ததை நினைத்தால் இன்றும் மனம் கசக்கின்றது. கர்னல் ஸ்டூவர்ட் அன்று காலையுணவைப் பிகட்டோடு உண்டார். பகலுணவையும் அவரோடே உண்டார். இராவுணவுக்கும் கவர்னரது தோட்ட மாளிகைக்கு வருவதாகச் சொல்லி, மாலையில் கவர்னருடைய வண்டியிலேயே அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டி கோட்டையை விட்டுப் பாலத்தைக் கடந்து, இன்று நாம் தீவுத்திடல் என்று வழங்கும் இடத்தையடைந்தது. அங்கே ஈடிங்டன் என்னும் தளகர்த்தர் சிப்பாய்களோடு வழிமறித்தார். லைசாட் என்னும் காப்டன் கைத்துப்பாக்கியுடன் வண்டியை நெருங்கினார். கவர்னர் தமக்கு அருகே இருந்தவரை உதவிக்காக நோக்கியிருப்பார். ஆனால் இவ்வளவுக்கும் ஏற்பாடு செய்தவரே அருகிருந்தவர். பிகட் இறக்கப்பட்டு வேறொரு வண்டியில் ஏற்றப்பட்டார். அது பென்பீல்டுக்குச் சொந்தமானதென்று சொல்லுவர். அவ்வண்டி பரங்கிமலையை நோக்கி ஓடிற்று.

பரங்கிமலை அக்காலத்தில் கும்பினியின் பீரங்கிப் படையார் தங்கிய இடம். 1769-ல் ஹைதர் அலி தம் குதிரைப்படையுடன் திடீரென வந்து தோன்றி, கும்பினியாரைச் சமாதானத்துக்கு இணங்கச் செய்ததும் இம்மலையருகேதான். பீரங்கிப்படைத் தலைவர் மேஜர் ஹார்ன் என்பவர் வீட்டில் பிகட் காவலில் வைக்கப்பட்டார். சில நாட்களுள் ஓரிரவு ஈடிங்டன் வந்து அவரைச் செங்கற்பட்டுக் கோட்டைக்குக் கொண்டுபோக முயன்றார். இருட்டில் கொண்டுபோய்க் கொன்றுவிடுவர் என்றஞ்சிய பிகட், உயிரோடு அவ்விடம் விட்டுப் பெயரேன் என்று மறுத்தார். அம்முயற்சி கைவிடப்பட்டது. தாம்பரம் வழியாகச் செங்கற்பட்டுக்கு இன்று நிமிஷத்துக்கு நிமிஷம் மின்சார வண்டி ஓடுகிறது. அவ்வழியே ஓர் இரவுப் பயணத்துக்கு ஒரு கவர்னர் நடுங்கினார் என்பதை அதில் நெருக்குண்டு செல்லும் நம்மவருள் எத்தனைபேர் எண்ணியிருப்பர்?

வங்காளத்திலிருந்த கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் அவருடைய சபையாரும் ஸ்டிராட்டனின் ஆட்சியை ஒப்புக்கொண்டனர். லண்டனுக்குச் செய்தி போய், உத்தரவு வர ஓராண்டு செல்லும் காலம் அது. எட்டு மாதம் பிகட் மலையடியிலேயே காவலிலிருந்தார். 1777-ம் வருஷம் கோடை வெயிலில் நோய் கண்டது. ஏப்ரல் மாதம் 28-ந் தேதி அவரைக் கும்பினியின் தோட்ட மாளிகைக்குக் கொண்டுவந்தனர். மே மாதம் 11-ந் தேதி இறந்தார். அப்பொழுதும் அவர் கைதியே. கோட்டைக்குள்ளிருக்கும் புனித மேரி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையின்மேல் அவர் பெயர் பொறிக்கப்படவில்லை.

அடுத்த மாதம், அதாவது ஜூன் மாதத்தில், லண்டன் டைரெக்டர்கள் பிகட்டை மீண்டும் பதவியில் அமர்த்தும்படியும், பின்பு இருதிறத்தாரும் சீமைக்கு வந்து விசாரணைக்கு உட்படும்படியும் உத்தரவிட்டனர். இறந்தவருக்குப் பதவி!

இதற்கிடையே சென்னையில் கொரோனர் என்னும் மரண விசாரணை அதிகாரி ஜூரர்களைக் கூட்டி விசாரித்தார். விசாரணை மாதக்கணக்கில் நடந்தது. பிகட்டின் மரணம் காவலால் நேர்ந்ததேயாகும். ஆகவே ஸ்டிராட்டன் முதலான சபையாரும், சிறைபிடித்த படைத்தலைவரும் மனமறிந்து கொலை செய்த குற்றவாளிகள் என்று ஆகஸ்டு மாதத்தில் ஜூரர் முடிவு கூறினர். ஆட்சி பீடத்திலிருப்போர் மீதே கொலைக்குற்றம் சுமத்திய அவ்வெளிய ஜூரர்களின் துணிவை நாம் பாராட்டாதிருத்தல் இயலாது. ஆயினும் நோயால் இறந்தவரைக் கொலையுண்டவர் என்பது சட்டத்தின் முன் நிலைபெறுவது அரிது. ஸ்டிராட்டன் பதவியிழந்து வேறு கவர்னர் வந்த பின்னரும் கொலை வழக்கு மேலே செல்லவில்லை, கைவிடப்பட்டது.

பிகட்டின் சகோதரர் ஹியூ பிகட் கடற்படைத் தலைவர், பாராளுமன்ற அங்கத்தினர். அவர் 1779-ம் வருஷம் ஏப்ரலில் காமன்ஸ் சபையில் இதனை எடுத்துப் பேசி, குற்றவாளிகள்மேல் அரசாங்கமே வழக்குத் தொடுக்கும்படி செய்தார். அவ்வாண்டு டிசம்பரில் மான்ஸ்பீல்டு பிரபு முன்னிலையில் ஸ்டிராட்டன், புரூக், பிளாயர், மக்கே என்னும் நால்வரும் விசாரிக்கப்பட்டனர். கொலைக்காக அன்று, சட்டபூர்வமான கவர்ன்மெண்டைக் கவிழ்த்துக் கவர்னரைச் சிறைவைத்த குற்றத்துக்காக. அவசியத்தால் செய்தோம், நாட்டைக் காக்கச் செய்தோம் என்பது அவர்கள் கூறிய சமாதானம். ஜூரர் குற்றவாளிகள் என்றனர். 1780-ம் வருஷம் பெப்ரவரி மாதம் 10-ந் தேதி தண்டனை கூறப்பட்டது: தலைக்கு ஆயிரம் பவுன் அபராதம். பணத்தைக் கட்டிவிட்டு நால்வரும் வீடு சென்றனர். பென்பீல்டு தஞ்சையின்மேல் கேட்ட தொகையோடு அந்நாலாயிரத்தை ஒத்துப்பார்ப்போர்க்கு, அது தண்டனையா, சுங்கமா என்னும் ஐயம் எழும்.

தண்டனை அற்பமாயினும் வழக்கின் விளைவு அற்பமன்று. சபையின் பெரும்பான்மைக்குக் கவர்னர் எவ்வளவு கட்டுப்பட்டவர் என்னும் கேள்வியைப் பாராளுமன்றம் இனித் தள்ளிவைக்க முடியவில்லை. 1784-ல் பிட் என்னும் மந்திரி கொண்டுவந்த சட்டம் கும்பினி ஆட்சியைச் சீமை அரசாங்கத்தின் கண்காணிப்புக்கு உட்படுத்திற்று. 1786-ம் வருஷச் சட்டம், முக்கியமான காரியங்களில் சபையாரின் எதிர்ப்பையும் கடந்து தம் பொறுப்பிலேயே செயல்படக் கவர்னர்களுக்கு அதிகாரம் கொடுத்தது. இந்நாட்டில் நெடுங்காலம் நடந்த கவர்னர் ஏகாதிபத்தியத்துக்கு இதுவும் ஒரு வேர். ஒரு கவர்னருக்கு நேர்ந்த அநியாயத்துக்குப் பரிகாரமாக எழுந்த சட்டம், பின்வந்த கவர்னர்களைத் தட்டிக்கேட்பாரற்றவராக்கியது. 1797-ல் மற்றொரு சட்டம், கும்பினியாரின் அனுமதியின்றி ஆங்கிலேயர் எவரும் சுதேச மன்னருக்குக் கடன் கொடுத்தலாகாதென்று விலக்கியது. குதிரை ஓடிய பின் லாயத்தைப் பூட்டியவாறாயினும், பூட்டு விழுந்தது மெய்.

கர்னல் ஸ்டூவர்ட்டின் கதையையும் சொல்லாமல் விடுதல் கூடாது. இராணுவ நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவர் ஜெனரலாகி, 1781-ல் பொள்ளிலூர்ப் போரில் ஒரு காலை இழந்தார். 1783-ல் மக்கார்ட்டினி பிரபு கவர்னராயிருந்தபோது அவரோடும் மாறுபட்டார். இம்முறை கவர்னர் முந்திக்கொண்டார்: ஸ்டூவர்ட்டைச் சிறைபிடித்துக் கப்பலேற்றிச் சீமைக்கு அனுப்பிவிட்டார். ஒற்றைக் காலோடு காத்திருந்த ஸ்டூவர்ட், 1786-ல் லண்டனருகே மக்கார்ட்டினியைத் துவந்த யுத்தத்துக்கு அழைத்துச் சுட்டுக் காயப்படுத்தினார்.

பென்பீல்டு 1780-ல் தாமே பாராளுமன்ற அங்கத்தினரானார். 1785-ம் வருஷம் பெப்ரவரி 28-ந் தேதி எட்மண்டு பர்க் என்னும் பேரறிஞர் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைக் குறித்து நிகழ்த்திய நெடும் பிரசங்கத்தில் பென்பீல்டை உரித்துக் காட்டினார். அப்பிரசங்கத்தின் பின்னும், கடன்களை விசாரியாமலே ஏற்றுக்கொள்வதென்ற முடிவைப் பாராளுமன்றம் மாற்றவில்லை. பென்பீல்டு பின்னர் வியாபாரத்தில் நொடித்து, 1810-ல் பாரிஸ் நகரத்தில் வறியவராய் இறந்தார்.

நவாபு முகமதலி 1795-ல் காலமானார். 1801-ல் கர்நாடக நாடு முழுவதும் கும்பினியார் வசமாயிற்று. அதன் பின் எஞ்சிய கடன் பத்திரங்களை ஆராயக் கமிஷனர்கள் நியமிக்கப்பட்டபோது, நாற்றிசையிலிருந்தும் வந்து குவிந்த பத்திரங்களின் மொத்தம் மூன்று கோடிப் பவுனுக்கு மேற்பட்டது. ஒவ்வொன்றாய் எடுத்துச் சாட்சி கேட்டு, கையெழுத்து ஒத்துப்பார்த்து, பல்லாண்டு உழைத்து அவர்கள் மெய்யென்று ஏற்றது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சிய பத்திரங்கள் பொய்யென்றும் ஆதாரமற்றவை என்றும் தள்ளப்பட்டன. மெய்யென்று ஏற்ற பங்கு மட்டும் கர்நாடகத்து வருமானத்திலிருந்து, அதாவது நம் ஊர்களின் நிலவரியிலிருந்து, எடுத்துக் கொடுக்கப்பட்டது.